மாமியார் காலில் பட்டு

ஆடி, செவ்வாய் இரவு.

மாமியாரின் சர்க்கரைப் புண்ணுக்கு நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியின் புதுக் கட்டுத்துணியைத்தான் போடுகிறேன். டாக்டரும் சரியென்றார். பட்டு நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுக்களின் தோலிலிருந்து செய்தது. புண் ஆறிவருகிறது.

இன்று கட்டு மாற்றும்போது, "இது எதுல பண்ணினதுடி?" என்றார்.

"பட்டும்மா" என்று வாயில் வந்துவிட்டது.

"பட்டுன்னா மடிதான், தீட்டே இல்லை." புண் வந்ததிலிருந்து தொடாத பூக்கூடையை இழுத்து, ஆண்டாளுக்கு மாலை கட்ட உட்கார்ந்துவிட்டார். புழுத்தோல் என்று திருத்தாமல், பழைய கட்டைச் சுருட்டி எடுத்துப் போனேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காலைக் காட்டினார். "பட்டு கட்டிவிட்டிருக்கா, பாருங்கோ!"

மாமியின் மகனும் எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறான். அந்தப் புழுத்தோலை அரைப்பதே அவன்தான். வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறானோ.