அப்பா போனில் வந்த ரம்மி விளம்பரம்

ஷார்ஜா
10.11.2017

அன்புள்ள அப்பாவுக்கு ஃபெபி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞானப்பாட்டுகளைப் போனில் பார்த்துப் பாட நான் செய்த ஆப்பில், “என்றும் இலவசம், விளம்பரம் வராது” என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன். நீங்களும் அதை நம்பி, பாபநாசம் சபையில் ஒவ்வொருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தீர்கள். ஆட்கள் பெருகப் பெருக, பாட்டுகளை வைத்திருக்கும் சர்வருக்கு வாடகை ஏறியது. காணிக்கை கேட்கக் கூச்சப்பட்டு, போன மாதம் யாரிடமும் சொல்லாமல் விளம்பரத்தை உள்ளே விட்டேன்.

ஜெயமணி பெரியம்மாவின் அடக்கத்தில் நீங்கள் பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது, உங்கள் போன் “ரம்மி ஆட வாங்க!” என்று கத்தியதாமே. தம்பி கிளாட்சன் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்துவிட்டேன். போதகர் கேட்டபோது நீங்கள், “என் கைதாங்க எதையோ அமுக்கிடுச்சு” என்றதை அதற்குப் பிறகுதான் சொன்னான்.

அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டேன். வாடகை குறைந்த சர்வருக்கு மாற்றியதால் ஆப் மெதுவாகத்தான் திறக்கும்.

தம்பியின் நண்பன் இங்கே வரும்போது உங்கள் பழைய பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள், ஆப்பில் உள்ள பாட்டுகளில் பிழை பார்க்க வேண்டும். அம்மா போட்ட நார்த்தங்காயும் கொஞ்சம். அடக்கத்தில் பாடிய பாட்டை ஒருமுறை பாடிப் பதிந்து அனுப்புங்கள். இங்கே அதை வேறு ராகத்தில் பாடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு வேன் வந்துவிட்டது. சபையில் இனி யார் கேட்டாலும் உங்கள் கையைச் சொல்லாதீர்கள், அப்பா. என் பெயரைச் சொல்லுங்கள்.

ஃபெபி