லேத்துக்கு முன்னால் ஒரு கொண்டை

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ தலைக்கு அரப்பு இலைப்பொடி தேய்த்துக் குளித்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்தப் பச்சை வாசம் வந்ததும் சீப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமையானால் தலைக்கு அரப்புப் போடாமல் இருக்க மாட்டோம், நீயும் நானும். அதனால் ஒருமுறை மானம் போனதும் உனக்கு நினைவிருக்கும். இருக்குமா? போனவர்களுக்கு என்னென்ன நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் உன்னோடு பேசாமல் இருக்கப் போவதில்லை.

கணபதி ஏரியாவில் நம் மோட்டார் கம்பெனியில், காயில் கட்டும் மேசையில் நீ எனக்குப் பக்கத்து இருக்கை. காயில் என்றால் செம்புக் கம்பிச் சுருள்; அதன் முனைகளைப் பருத்தி நாடாவால் இறுக்கிக் கட்டுவது நம் வேலை. எனக்கோ கண்ணெல்லாம் எதிரே இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்து மெஷின் மேல். சாப்பாட்டு நேரத்தில் ஆப்பரேட்டர் அண்ணனிடம் கெஞ்சி ஷாஃப்ட் கடையக் கற்றுக்கொண்டேன். லேத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் போய்க் கேட்டேன். சூப்பர்வைசர் இடுப்புக்குக் கீழே தொங்கிய என் பின்னலைப் பார்த்தார்.

"வேலையெல்லாம் செய்வீங்கம்மணி, தெரியுமுங்க. இரும்பப் புடிச்சுச் சுத்தற சக்குல முடி மாட்டுச்சுன்னா தலையே போயிருமுங்க. இவ்வளவு முடி தொப்பிக்குள்ளயும் அடங்காது. வெட்டிப்போட்டு வாங்க, லேத்து உங்களுக்குத்தான்."

அவர் பயம் பொய்யில்லை. ஆனால் லேத்தா, முடியா என்று ஒன்றைப் பிடித்து ஒன்றை விடச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும். நீ என்னைவிடக் கொதித்தாய். "அவரு தலையில இல்லாதது உன்ற தலையிலயும் இருக்கக் கூடாதுங்கறாரு" என்றாய், அவர் காதில் விழும்படியே.

அன்றிலிருந்து மத்தியானச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, பெண்கள் உடை மாற்றும் அறையில் கொண்டை போடப் பழகினோம். ஊசி, கிளிப் எதுவும் கூடாது. மெஷினில் விழுந்தால் தெறிக்கும். முடியாலேயே முடியைக் கட்ட வேண்டும். சுருட்டி, வளைத்து, நுனியை உள்ளே இழுத்துச் செருகும் கோடாலி முடிச்சு. உனக்கும் சரியாகத் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் தலையில் நான், என் தலையில் நீ. கட்டியதும் "ஆட்டு" என்பாய். ஆட்டுவேன். "சாமி வந்தாப்பல ஆட்டு அம்மணி! பொண்ணு பாக்க வந்தவங்களுக்குத் தலையாட்டறாப்பல ஆட்டறயே!" சரிந்து விழும். சிரித்துச் சிரித்துப் புரையேறும். ஒருவழியாக அது நிற்கத் தொடங்கியது.

முடியை வெட்டாமலே தொப்பிக்குள் அடக்கிக் காட்டுகிறோம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அந்த நாளை நாம்தான் கேட்டு வாங்கினோம். நல்ல நாளென்றால் தலைக்கு ஊற்றாமல் போவதா? அரப்பை வழிய வழியத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தேன். லேத்துக்கு முன் நின்று தொப்பியைக் கையில் எடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கொண்டை தானாக அவிழ்ந்து முதுகில் கொட்டியது. அழுக்குத் தலையில் பழகிவிட்டு, வழுக்கும் தலையோடு பரீட்சைக்கு வந்திருந்தோம். "நான்தான் சொன்னனுங்ளே" என்றார் சூப்பர்வைசர். எனக்குக் கண்ணீர் முட்டியது.

நீ எழுந்து வந்தாய். கையில் காயில் கட்டும் நாடா. "கொஞ்சம் இருங்க சார். செம்புக் கம்பியே அசையாம கட்டறவங்க நாங்க. இதென்னுங்க பெரிய விசயம்?" என்னை ஸ்டூலில் உட்கார வைத்து முதலில் இறுக்கிப் பின்னினாய். பின்னலை வட்டமாகச் சுற்றி, நாடாவை உள்ளே விட்டு வெளியே எடுத்து, காயில் முனையைக் கட்டுவது போலவே கண்ணி கண்ணியாகக் கட்டி, முடிச்சை உள்ளே ஒளித்தாய். தொப்பி அதன் மேல் ஒழுங்காக உட்கார்ந்தது. "இப்ப ஆட்டு." ஆட்டினேன். குனிந்தேன். குதித்தேன்கூட. அசையவில்லை. சூப்பர்வைசர் லேத்தின் சுவிட்சைக் காட்டினார்.

அப்புறம் தினமும் ஷிஃப்ட்டுக்கு முன் நீதான் கட்டிவிட்டாய். பஸ்ஸில் ஒருத்தி "இந்த வயசுல என்னுங்க கெழவிக் கொண்டை?" என்று கேட்டாள். "இது லேத்துக் கொண்டைங்க, உங்களுக்கும் வேணுமுங்ளா?" என்று நீ கேட்டதில் அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். காரமடையில் உன் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தபோதுகூட நான் நம்பவில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, நானே கட்டிய கொண்டை தொப்பியோடு சரிந்தது. இத்தனை வருஷமும் கட்டியது உன் கை. என் கைக்கு என் பின்தலை பழக்கமில்லை. சூப்பர்வைசர் திட்டவில்லை. "இனிக் கட்டியுட ஆளில்லீங்களே. வெட்டிக்கலாமுங்ளே அம்மணி" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் இரக்கப்பட்டதுதான் எனக்கு ஆத்திரம். வெட்ட மாட்டேன் என்றேன். மறுபடி காயில் மேசைக்கு அனுப்பினார், போனேன்.

உன் காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தேன். மத்தியானம் அதே அறையில் கண்ணாடி பார்க்காமல், கைகளைப் பின்னால் தூக்கி, கட்டிக் கட்டி அவிழ்த்தேன். தோள் கடுத்தது. எல்லாம் நீயே செய்து பழக்கிவிட்டு இப்படிப் போய்விட்டாயே என்று உன்னைச் சத்தமாகத் திட்டினேன். விரல்களுக்கு வழி தெரிய வெகுநாள் ஆனது.

லேத்து இப்போது மறுபடியும் என்னுடையது. தினமும் கட்டி முடித்ததும், யார் பார்த்தாலும் சரி, சாமி வந்தாற்போல் தலையை ஆட்டிப் பார்க்கிறேன். அசைவதில்லை. நீ இல்லாமலே நிற்கிறது. அந்த ஒன்றுக்காக மட்டும் உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.