சுவரைப் பார்த்த அந்தோணியார்

புதுச்சேரி, 14.6.1978
சேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு,

நீ கன்னியர் மடத்தில் சேர்ந்த அன்றே நம் வீட்டு அந்தோணியார் சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மகளைத் திருப்பி அனுப்பினால்தான் முகம் பார்ப்பேன் என்றேன். கயிற்றுக் கடையில் பேரம் பேசிப் பழகிய வாய். இரண்டு வருஷமாக அவர் மசியவில்லை.

நேற்று அவர் திருநாள். உன் அம்மா மாலையோடு வந்து நின்றாள்.

"முதுகுக்கா மாலை போடுறது? அவரு என்ன உங்க தரகரா? கடவுள் சொன்னதச் செஞ்சாரு, அதான் புனிதரு. கடவுள் தூதா அனுப்புற சம்மனசுங்களும் உங்களக் கேட்டுட்டா போவுது வருது?"

நானே திருப்பி வைத்து, முகத்திலிருந்த ஒட்டடையை வேட்டி நுனியால் துடைத்தேன். பிறகு உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். வீட்டில் இருந்தபோது நீ இவ்வளவு சிரித்ததில்லை. நான் கேட்டதைக் கொடுக்காமல் இருந்ததற்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

கன்னியாஸ்திரியாக எடுக்கும் உன் வார்த்தைப்பாட்டுக்குச் சம்மதம் கேட்டு நீ அனுப்பிய தாள் மூன்று மாதமாகக் கடை மேசைக்குள் கிடந்தது. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

வார்த்தைப்பாட்டு அன்றைக்குக் கோயிலில் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வை. எனக்குத் தூண் மறைவில் ஓர் இடம் போதும்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா