பூ வைக்கும் குளிரறையில் நாலு டயர்

தேன்கனிக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான், உன் அப்பா, ரோஜாத் தோட்டம், மாடு கன்று எல்லாம் சௌக்கியம். உன் தம்பி ஆனந்தும் உடம்புக்குச் சௌக்கியம்தான், புத்தியைப் பற்றித்தான் நல்லதாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், நான் பாதி சொல்வதற்குள் நீயும் அவனும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். சம்பங்கி அக்காவின் மருமகன் உங்கள் டப்ளினுக்குத்தான் வருகிறாராம், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். சிரிக்காமல் முழுக்கப் படி.

போன தடவை என்னிடம் என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏம்மா, வெல கம்மி டயருன்னா ஓடாதா, அதுக்குப் போயி இப்படிக் கத்தறியே" என்று கேட்டாய். அங்கே இருந்துகொண்டு கேட்பது சுலபம். உன் தம்பி வாங்கின அந்தக் காரை உனக்குப் போட்டோவில்தான் தெரியும். பெங்களூரில் யாரோ ஒரு கம்பெனிக்காரர் ஓட்டிச் சலித்துப்போன ஸ்போர்ட்ஸ் கார், எலுமிச்சம்பழ மஞ்சள், ரெண்டே கதவு, இன்னும் கர்நாடகா நம்பரோடுதான் நிற்கிறது. வந்த அன்று ஊரே கூடிவிட்டது. உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவு பள்ளம். ரெண்டு ஆள் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் வேகத்தடை இருக்கிறது அல்லவா, அங்கே உன் தம்பி வயிற்றுப்பிள்ளைக்காரி ரஞ்சிதாவை இறங்கச் சொல்லி நடக்கவிட்டு, காரைக் கோணலாகத் திருப்பி, பாம்பு படியேறுகிற மாதிரி ஏற்றுவான். காருக்கு அடியில் கீறல் விழக்கூடாதாம். பெண்டாட்டி கால் வீங்கினால் பரவாயில்லை.

சரி, ஆசைப்பட்டான், வாங்கினான், அதோடு விட்டேன். ஆனால் டயர் விஷயத்தைக் கேள். கார் வரும்போதே நல்ல டயர்தான் இருந்தது, அந்தக் காருக்கென்றே செய்தது, புதுசு மாதிரிதான் இருந்தது. வந்து பத்து நாள் ஆகியிருக்காது, நாலையும் கழற்றிவிட்டு ஓசூரில் போய் பேர் ஊர் தெரியாத மலிவு டயர் நாலு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ஏன்டா என்றால், "நம்ம ரோட்டுல அத ஓட்டுனா தேஞ்சிரும்மா, இது டெய்லி யூஸுக்கு" என்கிறான். நல்ல டயரை என்ன செய்தான் தெரியுமா? பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நம் ரோஜா வைக்கிற குளிரறையில் அடுக்கிவிட்டான். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்குமாம். வெள்ளிக்கிழமையானால் அதற்கு மஞ்சள் குங்குமம் வேறு. பூ வாங்க வருகிற வெங்கடப்பன் ஒருநாள் ரோஜாக் கட்டை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, நிம் ஹூவு டயர் வாசனெ பர்த்திதெ" என்றார். பூவில் டயர் நாற்றம் அடிக்கிறதென்று ஒரு வியாபாரி என் முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல் தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் தம்பி அங்கேதான் நின்றான், போன் பார்த்துக்கொண்டு.

விலை குறைந்தது எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதை நீ புரிந்துகொள். நம் பூ டெம்போவுக்கு நானே மலிவு டயர்தான் போட்டிருக்கிறேன். அது ஓடுகிற வேகத்துக்கு அது போதும், இந்நாள் வரை என்னை ஏமாற்றியதில்லை. அந்தக் கார் அப்படியா? மிதித்தால் பறக்கிற கார், உன் தம்பியோ மிதிக்காமல் இருக்கத் தெரியாதவன். அவ்வளவு பெரிய எஞ்சின், அவ்வளவு பெரிய பிரேக் எல்லாம் கடைசியில் தரையைத் தொடுவது நாலு உள்ளங்கை அகல ரப்பரால்தான். அதில் போய்ச் சிக்கனம் பிடிக்கிறான். சீட்டுக்கு வாசனை ஸ்ப்ரே, கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டு, உள்ளே நீல விளக்கு, அதிலெல்லாம் சிக்கனம் வரவில்லை. மெதுவாக ஓட்டுகிறவன் மலிவு டயர் போட்டால் அவனைச் சிக்கனக்காரன் என்பேன். வேகமாக ஓட்டுகிறவன் போட்டால் என்ன சொல்வது, என் வாயில் வருவதைக் கடிதத்தில் எழுத முடியாது.

புரட்டாசியில் நடந்ததை உன்னிடம் யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரஞ்சிதாவுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்க ஓசூர் போனார்கள். திரும்பி வரும்போது நல்ல மழை. கார் முழுக்கச் சேறும் அவரைக்கொடியுமாக வந்து வாசலில் நின்றது. யானை குறுக்கே வந்துவிட்டது, ஒற்றை யானை, பிரேக் அடித்தேன், கார் வயலில் இறங்கிவிட்டது என்றான். நான் நம்பினேன். ஊரும் நம்பியது. மறுநாள் காலையில் வனத்துறை ஆட்கள் பட்டாசோடு வந்து கால் தடம் தேடினார்கள், சாணி தேடினார்கள். காட்டோரத்து மாரம்மா பயந்துபோய், இன்னும் முற்றாத ராகியை அரைகுறையாக அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பாதிக்குப் பாதி பதர். அவள் என்னிடம் வந்து, "யானெ தின்னாம நானே தின்னுக்கிட்டேன்னு வெச்சுக்கோ பொற்கொடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் தம்பி எல்லாரோடும் சேர்ந்து நின்று, யானை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் திரும்பியது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாள் கழித்து ரஞ்சிதா என்னோடு ரோஜா மொட்டு விரிந்துவிடாமல் வலை மாட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "யானெ எதுவும் இல்லீங்க அத்தே. பஸ்ஸ முந்தப் போனாரு, எதுத்தாப்புல லாரி, பிரேக் அடிச்சாரு, வண்டி தானா சுத்திச்சு. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன். கண்ணத் தொறந்தா பக்கத்துல கெணறு." எந்தக் கிணறு என்று கேட்டேன். ரோட்டோரத்தில் சுற்றுச்சுவர் இல்லாமல் கிடக்கிறதே, அந்தக் கிணறு. டயர் வழுக்கியது என்று சொல்ல வெட்கப்பட்டு, வராத யானை மேல் பழியைப் போட்ட ஆளை நான் பெற்று வளர்த்திருக்கிறேன். அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டேன், அந்த நல்ல டயரை எடுத்து மாட்டுடா என்றேன். அவன் சொன்ன பதிலைக் கேள். பெங்களூர் நண்பர்கள் எல்லாம் அவரவர் காரோடு நந்தி மலைக்குப் போகிறார்களாம், அன்றைக்கு மாட்டிக்கொள்கிறானாம், அதற்குள் தேய்ந்துவிட்டால் அவர்கள் முன்னால் அசிங்கமாம். "அதான் ஒண்ணும் ஆவலையே" என்று வேறு சொன்னான். ஆக, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நல்ல டயர், கட்டினவளுக்கும் அவள் வயிற்றில் இருக்கிறதற்கும் வழுக்குகிற டயர். என் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்றைக்கு நாக்கு கூசியது.

கார்த்திகையில் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது, போட்டோ பார்த்திருப்பாய். போட்டோவில் இல்லாததை எழுதுகிறேன். ஊத்தங்கரையிலிருந்து ரஞ்சிதாவின் அப்பா அம்மா பிரசவத்துக்கு அழைத்துப்போக வேன் கொண்டுவந்திருந்தார்கள். உன் தம்பி அந்தக் காரை ரோஜாவால் சோடித்து, நம் ரோஜாதான், ஏற்றுமதிக்கு வைத்திருந்தது, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சம்சாரத்தைத் தானே கொண்டுபோய் விடுகிறானாம். ரெண்டு கையும் வளையலாக ரஞ்சிதா வாசலுக்கு வந்தாள். காரைப் பார்த்தாள், குனிந்து டயரைப் பார்த்தாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள், ஆனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. "அந்த நல்ல டயர யாருக்குங்க எடுத்து வெச்சிருக்கீங்க?" அவள் வேனில் ஏறிக்கொண்டாள். நானும் கூட ஏறிக்கொண்டேன். உன் அப்பா மட்டும் பிள்ளை முகம் வாடிவிட்டது என்று முணுமுணுத்தார்.

அவன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். ராயக்கோட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கிருஷ்ணகிரி வரும்போது முன்னால் போகிற லாரி தெரியவில்லை. நான் வாயால் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன், கழுத்து மட்டும் பின்னாலேயே திரும்பி இருந்தது. பின் கண்ணாடியில் மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது, தெரிந்தால் திட்டுவது, தெரியாவிட்டால் குலசாமியைக் கூப்பிடுவது, இதுதான் என் வேலை. ரஞ்சிதா திரும்பியே பார்க்கவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் டிரைவரிடம், "அண்ணா, மெதுவாப் போங்க, நாம வேகமாப் போனா அவரும் வேகமா வருவாரு" என்றாள். அப்புறம் ஊத்தங்கரை வரைக்கும் நடந்து போகிற வேகத்தில்தான் போனோம். பின்னால் வந்த பஸ்காரன் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

போய்ச் சேர்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், அவனிடம் கையை நீட்டிக் கார் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டதுதான். டயரை மாற்றினால் சாவி, இல்லாவிட்டால் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மா பதறினார்கள், மாப்பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று. நான் அவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு இலை போடச் சொன்னேன். அன்று சாயங்காலம் நானும் அவனும் பஸ்ஸில்தான் திரும்பினோம்.

இப்போது நடக்கிற கூத்தைக் கேள். கார் ஊத்தங்கரையில் நிற்கிறது, அதன் மேல் கோழி ஏறி உட்காருகிறதாம். நல்ல டயர் இங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் குளிரறையிலிருந்து ஒரு டயரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் வாங்கி, கிருஷ்ணகிரியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துக் கொண்டுபோய் அவளிடம் காட்டி, அங்கேயே வைத்துவிட்டு வருகிறான். ஏறுகிறவர்கள் எல்லாம் எந்த லாரிக்குப் பஞ்சர் என்று கேட்கிறார்களாம். டெம்போவில் போட்டால் நாலும் ஒரே நடையில் போய்விடும். என்னிடம் கேட்க வேண்டுமே. கேட்டால் கொடுத்துவிடுவேன். அவன் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. தூக்கட்டும், தோளுக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், நம் குலசாமி கூடவே இருக்கட்டும். பேத்திக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு திரிய விடாதே. உன் தம்பி போன் செய்தால் டயர் பேச்சை எடுக்காதே, சிரிக்கவும் சிரிக்காதே. தை பிறந்து நீ வரும்போது அவன்தான் ஏர்போர்ட்டுக்கு வருவேன் என்பான், என்னைக் கேட்காமல் சரி சொல்லிவிடாதே. இன்றைக்கு மூன்றாவது டயர் போயிருக்கிறது. வெளியே காலையிலிருந்து விடாமல் மழை. அவன் பஸ்ஸில் போயிருக்கிறான். அதனால்தான் என்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்து இவ்வளவு நீளம் எழுத முடிந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா
பொற்கொடி