நாற்பது கிலோ மணல்

12-6-1990
மாவட்ட வாலிபால் அணிப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இல்லை. புஷ்பா பெயர் இருக்கிறது.

முழங்கால் வலி என்று அவளிடம் மட்டும்தான் சொன்னேன். குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக், ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு - அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நேரே தங்கவேல் மாஸ்டரிடம் போய் வத்தி வைத்துவிட்டாள். "ஞானம், அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்கிறார் மாஸ்டர். அணியில் ஆடினால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸை வேறு காலி செய்ய வேண்டும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். விடமாட்டேன்.

1-7-1990
வலி போய்விட்டது. விரலில் சுண்ணாம்பு தடவி, பம்ப் ஹவுஸ் சுவரில் எகிறித் தொட்டேன். கை எட்டும் உயரத்துக்கு மேல் பதினாலு அங்குலம். புஷ்பா பதினாறு. கோணியில் மணல் கட்டித் தோளில் வைத்து, பஸ்கி.

3-8-1990
நாற்பது கிலோ. தினமும் நூறு தடவை குந்தி எழுகிறேன், ஒவ்வொன்றுக்கும் அவள் பெயரை முணுமுணுத்துக்கொண்டு. ஜெபம் சொல்கிறேன் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

18-8-1990
பதிமூன்று! குறைந்திருக்கிறது. கால் உரல் மாதிரி கனக்கிறது.

2-9-1990
எலி கோணியைக் கடித்துப் பாதி மணல் கொட்டிவிட்டது. எரிச்சலோடு மிச்சத்தைத் தூக்கிக் குந்தி எழுந்தேன் - சடாரென்று கால் தரையை விட்டே கிளம்பியது. இனி பதினைந்து கிலோதான். எட்டே தடவை, எட்டும் வேகமாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

14-10-1990
பதினெட்டு.

புஷ்பா வந்து நின்றாள். "இன்னாடி, ஸ்பிரிங்க முழுங்கிட்டியா? எனுக்கும் சொல்லேன்."

சொன்னேன். நாற்பது கிலோ, தினமும், மெதுவாகக் குந்தி மெதுவாக எழு, வாராவாரம் எடையை ஏற்று. அந்த "மெதுவாக"வைச் சொல்லும்போது வாய் இனித்தது. புதுக் கோணி ஒன்றையும் கொடுத்தேன். கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதைச் சொல்லப்போவதில்லை.

11-12-1990
அவள் மூச்சிரைப்பது ஜன்னல் வரை கேட்கிறது. ஐம்பது கிலோவாம். மூட்டு போய்விட்டால்? போகட்டும். இல்லை, அது வேண்டாம். எகிற முடியாமல் போனால் போதும்.

9-6-1991
அணித் தேர்வு. நான் பத்தொன்பது, புஷ்பா பன்னிரண்டு. நன்றாக வேண்டும்! சிரிப்பை அடக்க முடியாமல் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். ஜமீலா டீச்சர் என்று யாரோ அவள் தோளைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லியிருப்பார்.

20-9-1991
மாநிலப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்துவிட்டோம். அந்தச் சான்றிதழுக்கு வேலை கிடையாதாம்.

23-2-1992
நாளை காட்டுப்பாக்கத்துக்கு வீடு மாறுகிறோம். பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தபோது புஷ்பா வந்தாள், கையில் லட்டு, தோளில் கோணி. பெண்கள் பளு தூக்குதலில் மாநிலத் தங்கமாம். வேலை உத்தரவும் வந்துவிட்டதாம்.

"எல்லாம் நீ சொல்லிக் குட்த்ததுடி. யார்டி ஒனக்கு இம்மா பலமான காலு குட்த்தாங்கன்னு, பளு தூக்கக் கத்துக்குட்த்த ஜமீலா டீச்சரே கேட்டாங்க." கொஞ்சம் நின்று, "அன்னிக்கி மாஸ்டராண்ட ஒன் முட்டியப் பத்திச் சொன்னது நான்தான். மன்னிச்சுக்கடி" என்று அழுதாள்.

நானும் சொல்லியிருக்கலாம். வாயில் லட்டு இருந்தது.

கோணியைத் திருப்பித் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். அறுபது கிலோ. தூக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட வரவில்லை.