எந்த நஞ்சு?

1. நான், வேலாயுதம், போர்ட் பிளேரில் தொழில் செய்யும் வழக்குரைஞன். இதில் நான் விளிப்பவர் என் பள்ளித் தோழர்; ஃபெரார்கஞ்சில் கால்நடை மருத்துவராக இருந்து, சென்னை மருத்துவமனையில் காலமானவர்.

2. இது எந்த நீதிமன்றத்திலும் தாக்கல் செய்வதற்கன்று. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், தெரியாததைத் தெரியாதென்றும் சொல்வதே நோக்கம்.

இன்று காலை உன் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. உன் அலுவலகத்தில் வாங்க ஆளில்லை என்று என்னிடம் கொண்டுவந்து வைத்தார்கள். பிரித்தேன். தோள்வரை நீளும் கையுறைகள். ரப்பரும் மாவுமாக ஒரு வாசனை எழுந்து அறை முழுவதும் பரவியது. நீ கேட்டு எழுதியிருந்தவை. கப்பலில் இடமில்லை, வானிலை சரியில்லை என்று தள்ளித் தள்ளி, நீ போன பிறகு வந்து சேர்ந்திருக்கின்றன.

சிறுநீரகம் மாற்றி நீ மெயின்லேண்டுச் சென்னையிலிருந்து திரும்பியபோது, விலங்குகளைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். புதுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க நீ உண்ட மாத்திரைகள், உடலின் காவலையே தளர்த்துபவை. அது உனக்குத் தெரியாததன்று. எனக்கு விளக்கியவனே நீதான்.

உன் வீட்டுப் பின்கட்டில், மஞ்சள் பூனை உன் மடியில் கிடக்க, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிச் சொன்னாய். "பூனைதாம்லே அதுக்குச் சொந்த வீடு. அங்கதான் அது பெருகி வெளிய வரும். மண்ணு, தண்ணி, வேகாத கறி, கழுவாத கீரை, எல்லாம் அதுக்குப் பாதை. ஆடும் நீயும் நானும் வாடகை வீடு. சத்தமில்லாம ஒரு மூலையில கெடக்கும், காலி மட்டும் பண்ணாது. உங்க சட்டத்துல அதுக்கு என்ன பேரு?"

"குத்தகைதாரர்" என்றேன். பூனை பயந்து குதித்தோடும் அளவுக்குச் சிரித்தாய்.

பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாது என்றும், சினையாக இருக்கும் ஆடும் கருவுற்ற பெண்ணும் காவல் குறைந்த உடலும்தான் அஞ்ச வேண்டும் என்றும் சொன்னாய். கடைசியாகச் சொன்னதில் நீயும் அடக்கம் என்பதை நாம் இருவருமே அன்று பேசவில்லை.

அந்த மழைநாளில் உன்னைப் போர்ட் பிளேர் வீட்டிலிருந்து ஃபெரார்கஞ்சுக்கு என் காரில் அழைத்துச் சென்றேன். மாரியாயி வீட்டு ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நாள் நிறையாமலே குட்டி வீசுவதாகச் சேதி. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து பெற்றோர் தூக்கிவந்த குழந்தை அவர். ரப்பர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தபின் அந்த ஆடுகளே அவருக்குப் பிழைப்பு. பார்த்துவிட்டு மட்டும் வருவேன் என்றுதான் உன் மனைவியிடம் சொல்லிக் கிளம்பினாய். அங்கே ஓர் ஆட்டின் வயிற்றில் செத்த குட்டி குறுக்கே மாட்டியிருந்தது. ஆடு முனகக்கூடத் தெம்பின்றிக் கிடந்தது.

நான் கண்டது இது: நீ சட்டைக் கையை மடித்தாய். மாரியாயி உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா, கைய வைக்காதீங்க. ஒடம்பு முடியாத மனுசன். ஆடு போனா போகட்டும்."

"ஆடு போனா நீ எதைத் திம்ப? தள்ளு ஆயி. கழுவிக்கிடுதேன்" என்றாய்.

கையுறை இல்லை. குட்டி வந்தது, பின்னாலேயே கொடியோடு நஞ்சும் வந்தது. அதைத் தங்கள் வழக்கப்படிப் பலாமரத்தில் கட்டவா என்று அவர் கேட்டார். "கட்டாதே, பூனையும் நாயும் இழுக்கும். ஆழத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதை" என்றாய். ஆடு பிழைத்தது.

பிறகு நடந்ததை நீ அறியமாட்டாய். தலைவலி, உளறல், மறுபடியும் சென்னை. மூளையில் அந்தக் கிருமிதான் என்றார்கள். உன் மனைவி சண்முகவடிவு தனியாகத் திரும்பி வந்து, பூனையை என் வீட்டில் விட்டுவிட்டு, மனு எழுதுபவரிடம் போனார். மாரியாயிமேல் புகார். எழுதி முடித்த இந்தித் தாளை, கையெழுத்திடும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்.

"மாரியாயி வீட்டு ஆட்டு நஞ்சு பட்டுத்தான் என் கணவர் இறந்தார்" என்று அவர் தமிழில் சொல்லியிருக்கிறார். தாளில் 'ஜஹர்' என்று இருந்தது. மாரியாயி கொடுத்த விஷத்தால் மரணம் என்று வாசகம் முடிந்திருந்தது. கொலைப் புகார் அது. அப்படியே தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"விஷம்னா சொன்னேன்? நஞ்சுன்னுல்லா சொன்னேன்! ஆடு போடுற நஞ்சு, அண்ணாச்சி!"

"எழுதினவர் தமிழ்க்காரர் இல்லம்மா. யார்கிட்டயோ நஞ்சுன்னா என்னன்னு கேட்டிருப்பாரு. அவங்க சொன்னதும் தப்பில்லை."

தாளை மடித்தார், விரித்தார். "சரி. இந்தச் சொல்லை மாத்திட்டா மத்தது நிசந்தானே?"

இதற்குத்தான் என்னால் இன்றும் நிம்மதியாக விடை சொல்ல முடியவில்லை. கண்டதைச் சொன்னேன், மாரியாயி உன் கையைப் பிடித்ததையும் சொன்னேன். அந்த ஆட்டிடமிருந்து வந்திருக்கலாம். உன் தோட்டத்து மண்ணிலிருந்தும், என் மகள் கல்யாணத்தில் அரைவேக்காட்டுக் கறியே ருசி என்று நீ கேட்டு வாங்கித் தின்றதிலிருந்தும் வந்திருக்கலாம். எத்தனையோ ஆண்டுகளாக உன்னுள் படுத்திருந்த குத்தகைதாரரே, காவலில்லாத வீட்டில் எழுந்திருக்கலாம். எது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

"அப்போ யார்தான் அண்ணாச்சி காரணம்?"

"தெரியலம்மா."

"வக்கீல்னு பேரு. அவரு இருந்தா இதுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாரு" என்றார். சொல்லியிருப்பாய்தான். அழவில்லை, மனுவைக் கிழிக்கவுமில்லை. கையெழுத்திடாமல் எடுத்துப்போனார். அதை இன்னும் வைத்திருக்கிறார். அதுவும் என்னை உறுத்துகிறது.

ஆனால் அன்று வாசலில் நின்று, "நீங்க பார்த்ததை மட்டும் எழுதுங்க. அந்தப் பொம்பளையையும் கூட்டிட்டு வாரேன்" என்றார். சொன்னபடி இன்று மாலை இருவரும் வந்தார்கள். ஒரே பெஞ்சில், நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு அமர்ந்தார்கள். இதுவரை எழுதியதை வாசித்தேன்.

"வேணாம்னு சொன்னேனே, அத எழுதிட்டீங்களாய்யா?" என்றார் மாரியாயி, என்னிடம்.

"எழுதியாச்சு" என்றார் சண்முகவடிவு, அவர் முகத்தைப் பாராமலே. "வாசிச்சதை நானும் கேட்டேன்."

பிறகு மேசைமேல் இருந்த கையுறைப் பெட்டியை எடுத்து, நடுவே விட்ட இடத்தில் வைத்து, மாரியாயி பக்கம் நகர்த்தினார். "இனிமே வெறுங்கையோட தொடாதே."

பூனை என் சன்னலில் படுத்திருக்கிறது. அது மலம் கழிக்கும் மண்தட்டைச் சுத்தம் செய்துவிட்டு இருமுறை கைகழுவுகிறேன், நீ சொன்னபடி. தமிழ்ப் பத்திரங்களில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எழுதுகோலை நிறுத்தி, எதிரில் இருப்பவரைக் கேட்கிறேன்: எந்த நஞ்சு? உன்னைக் கொண்டுபோனது எது என்ற கேள்வியை மட்டும், கேட்க ஆளின்றி, நானே வைத்திருக்கிறேன்.

மேற்கண்டவை நான் அறிந்தவரை உண்மை. அறியாதவை அறியாதவையாகவே விடப்பட்டுள்ளன.

ஒப்பம்: வேலாயுதம்

வாசிக்கக் கேட்டு ஒப்பிய சாட்சிகள்:
சண்முகவடிவு, கையொப்பம்
மாரியாயி, இடது பெருவிரல் ரேகை