கருவாட்டை விட்டுவிட்டு வந்த ஜிம்மி

செவ்வாய், இரவு

எதிர்வீட்டு மல்லிகாவை நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று வாரமாக நெத்திலிக் கருவாட்டைக் காட்டித்தான் என் நாய் ஜிம்மியைக் கூப்பிட்டால் வரப் பழக்குகிறேன். தெரு முழுக்கக் கருவாடு காயும் காசிமேட்டில் இதைவிட முட்டாள்தனம் வேறில்லை. இன்று மல்லிகா ரோட்டில் காயப்போட்டிருந்ததில் போய் அது வாயை வைத்துவிட்டது.

"நாய வளக்குறியா, திருடன வளக்குறியா? பேஜாரு புட்ச்ச நாயி!" என்று தெருவையே கூட்டிவிட்டாள்.

"ஜிம்மி, வா" என்றேன். பிடிவாதம் பிடித்த அந்த நாய், வாயிலிருந்ததைப் போட்டுவிட்டு வாலாட்டிக்கொண்டே ஓடிவந்தது. ஒரே குரலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அவள் பார்க்கிறாள் என்ற ரோஷத்தில் துடைப்பத்தால் இரண்டு போட்டேன்.

"கூப்ட்டவொடனே வந்துச்சே, அத்தப் போயி இன்னாத்துக்கு அடிக்கிற?" என்று கேட்டதும் அவள்தான். இதைக் கேட்க அவள் யார்? முதலில் கத்தியது யார்?

ஜிம்மி இன்னும் வாசலில் நிற்கும் ஆட்டோவுக்கு அடியில்தான் கிடக்கிறது. இப்போதுகூடப் போய் நெத்திலியை நீட்டிக் கூப்பிட்டேன். நெத்திலி இருந்த கையை அது பார்க்கவேயில்லை. இன்னொரு கையைத்தான் பார்த்தது.